ஒரு காதில் 100, மறு காதில் 0: இயர்பட் சார்ஜ் எங்கே தடைபடுகிறது?

இரவு படுக்கும்முன் இரண்டு இயர்பட்களையும் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியையும் சார்ஜரில் செருகிவிட்டுத் தூங்குகிறோம். காலையில் எடுத்து மாட்டினால் வலது காதில் பாட்டு கேட்கிறது. இடது காது ஊமை. கைப்பேசித் திரையில் வலதுக்கு நேரே 100 சதவீதம் இருக்கிறது. இடதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரும்பாலோர் உடனே எட்டும் முடிவு, பேட்டரி போய்விட்டது என்பதுதான். சில நாட்களில் புதிய ஜோடி வந்துவிடுகிறது. பழையது மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது.

அந்த முடிவு பல நேரங்களில் அவசரப்பட்டு எடுத்ததாகவே இருக்கும். சார்ஜ் ஏறவில்லை என்ற ஒரே புகாருக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் அடங்கியிருக்கின்றன; பேட்டரி செத்துப்போவது அவற்றில் ஒன்று மட்டுமே. மற்றவற்றில் சில கோளாறே அல்ல. சில ஒரு பஞ்சுக் குச்சியால் தீர்ந்துவிடும். இன்னும் சில, வாங்கிய நாளிலிருந்தே பொருளுக்குள் இருந்த வடிவமைப்புக் குறைகள். எது எது என்று பிரித்தறிய, மின்சாரம் சுவரிலிருந்து காதுவரை வந்து சேரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று பேட்டரிகள், இரண்டு கைமாற்றங்கள்

இங்கே இயர்பட் என்று குறிப்பிடுவது, இரு காதுகளுக்கும் இடையே கம்பியே இல்லாமல் தனித்தனியாக மாட்டிக்கொள்ளும் வகையை. கடையில் டி.டபிள்யூ.எஸ். என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். கழுத்தில் மாலைபோலக் கிடக்கும் நெக்பேண்ட் வேறு இனம்: அதில் பேட்டரியை வைக்கத் தாராளமாக இடம் உண்டு, சார்ஜ் துளையும் உண்டு, கைப்பேசிக்குச் செருகுவதுபோலவே நேரடியாக வயரைச் செருகிவிடலாம். காதுக்குள் அடங்க வேண்டிய இயர்பட்டில் அப்படியொரு துளைக்கு இடமே இல்லை. அதனால்தான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளும் பெட்டியையே சார்ஜராக ஆக்கும் வழி வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்து அவ்வாண்டு டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏர்பாட்ஸ்தான் இந்த முறையை உலகெங்கும் பழக்கமாக்கியது.

ஆக, ஒரு ஜோடி இயர்பட் என்பது உண்மையில் மூன்று பேட்டரிகளின் தொகுப்பு: இடதில் ஒன்று, வலதில் ஒன்று, பெட்டியில் இவ்விரண்டையும்விடப் பல மடங்கு பெரிதாக ஒன்று. மின்சாரம் இரண்டு முறை கைமாறுகிறது.

1. சுவரிலுள்ள சார்ஜரிலிருந்து, வயர் வழியாகப் பெட்டியின் பேட்டரிக்கு.
2. பெட்டியிலிருந்து, சிறு உலோகப் புள்ளிகள் வழியாக இயர்பட்டுக்கு.

அதன்பின் இயர்பட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு சுற்று, தனக்கு வந்துசேர்ந்த மின்சாரத்தை அளவு பார்த்துத் தன் பேட்டரிக்குள் ஏற்றுகிறது. கோளாறு இந்த மூன்று இடங்களில் எங்கே என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கணக்கு ஏன் இடிக்கிறது

பெட்டி சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது என்ற புகாரை முதலில் தனியே எடுத்து வைத்துவிடலாம். அது பெரும்பாலும் பழுதே அல்ல.

முதல் ஏர்பாட்ஸின் ஒவ்வொரு காதுத் துண்டிலும் இருந்த பேட்டரி 93 மில்லி வாட்-மணி, அதாவது சுமார் 25 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. பெட்டியில் இருந்தது 398 மில்லி ஆம்பியர்-மணி. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் 5000 மில்லி ஆம்பியர்-மணி இருப்பதை ஒப்பிட்டால் இவை எவ்வளவு சிறியவை என்பது புரியும். மாதிரிக்கு, ஒவ்வொன்றிலும் 45 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு இயர்பட்கள், 400 கொண்ட ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 400ஐ 90ஆல் வகுத்தால், பெட்டி நாலரை முறை இரண்டையும் நிரப்ப வேண்டும். நிறுவனங்கள் சொல்வதோ சுமார் மூன்று முறை. மீதி எங்கே போனது?

பெட்டியின் பேட்டரி சராசரியாக 3.7 வோல்ட்டில் இயங்குவது. அதாவது அதில் இருப்பது 1.48 வாட்-மணி. இயர்பட்டுக்குக் கொடுக்கும்முன் அது 5 வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. இரண்டு இயர்பட்களும் சேர்ந்து 5 வோல்ட்டில் 90 மில்லி ஆம்பியர்-மணி எடுத்தால் 0.45 வாட்-மணி. உயர்த்துவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு ஏற்படும் என்று கொண்டால், பெட்டி உண்மையில் இழப்பது 0.51 அளவில். 1.48ஐ இதனால் வகுத்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. இயர்பட்டுக்குள் போனதும் அந்த 5 வோல்ட் மீண்டும் பேட்டரியின் அளவுக்குக் குறைக்கப்படுகிறது. இடைவெளி வெப்பமாகப் போகிறது. சார்ஜ் ஆகும்போது இயர்பட் இளஞ்சூடாக இருப்பதன் காரணமும் இதுதான். ஏற்றி, இறக்கி, இரண்டு முறையும் வரி கட்டிவிட்டே மின்சாரம் காதுக்கு வருகிறது.

முதல் கைமாற்றம்: வயரும் சார்ஜரும்

வயரைச் செருகியும் பெட்டியின் விளக்கு எரியவில்லை என்றால் சிக்கல் இந்த முதல் கட்டத்தில் இருக்கிறது. துளைக்குள் சேர்ந்த பஞ்சும் தூசியும், உள்ளே அறுந்துபோன வயர் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் தெரியாத ஒன்று, சி வகைத் துளை சார்ந்தது; புதிதாக வாங்கியவர்களைக் குழப்புவதும் அதுவே.

பழைய, நீள்சதுர வாய் கொண்ட ஏ வகை யூ.எஸ்.பி. துளையில் 5 வோல்ட் எப்போதும் தயாராக நிற்கும். எதைச் செருகினாலும் கொடுத்துவிடும். புதிய சார்ஜர்களில் உள்ள சி வகைத் துளை, மறுமுனையில் மின்சாரம் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று உறுதியாகும்வரை எதையும் திறந்துவிடாது. அந்த உறுதியைத் தருபவை, கருவியின் துளைக்குப் பின்னால் சி.சி. எனப்படும் இரு முனைகளில் பொருத்தப்பட வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள். இவற்றின் விலை பைசாக் கணக்கில்தான். ஆனாலும் மலிவான இயர்பட் பெட்டிகள் சிலவற்றில் இவை இருப்பதில்லை. வெளியே தெரியும் துளை சி வகை. உள்ளே இருப்பதோ மைக்ரோ யூ.எஸ்.பி. காலத்துச் சுற்று. விளைவு: பெட்டியோடு வந்த குட்டை வயரை, அதாவது ஒருமுனை ஏ, மறுமுனை சி என்பதை, பழைய சார்ஜரில் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கைப்பேசியின் புதிய சார்ஜரில் இருமுனையும் சி ஆன வயரால் செருகினால் உயிரே இல்லை. பயனரோ பெட்டி பழுது என்று ஒரு நாளும், சார்ஜர் பழுது என்று மறு நாளும் நினைத்துக்கொள்கிறார்.

மலிவான பொருட்களில் மட்டும் நேரும் தவறு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2019இல் வெளியான ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பதிப்பில், இரண்டு முனைகளுக்கும் தனித்தனி மின்தடை வைப்பதற்குப் பதிலாக ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டதால், சில உயர்தர வயர்களைச் செருகினால் அது இயங்க மறுத்தது. பின்னர் வந்த பதிப்புகளில் திருத்தினார்கள்.

அடுத்தது பவர் பேங்க். கைப்பேசி நிரம்பியபின் வீணாக இயங்காமலிருக்க, வெளியே போகும் மின்னோட்டம் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். இயர்பட் பெட்டி கேட்பதே சொற்பம். நிரம்பும் கட்டத்தில் அதுவும் குறையும். பெட்டி இன்னும் நிரம்பாதபோதே பவர் பேங்க் கடையைக் கட்டிவிடுகிறது. குறைந்த மின்னோட்டத்திற்கென்று தனி நிலை சில பவர் பேங்குகளில் இருக்கிறது; பொத்தானை இருமுறை தட்டினாலோ சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலோ அது இயங்கும்.

65 வாட் சார்ஜரில் செருகினால் சின்னப் பெட்டி கருகிவிடாதா என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. தரமான சார்ஜர் எதுவும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். அதற்கு மேல் வேண்டும் என்று கருவி கேட்டால் மட்டுமே உயர்த்தும். இயர்பட் பெட்டி கேட்பதில்லை. கம்பியில்லாமல் தட்டின்மேல் வைத்துச் சார்ஜ் செய்யும் வசதி கொண்ட பெட்டிகளில், தட்டின் சுருளும் பெட்டியின் சுருளும் நேருக்கு நேர் அமையாவிட்டால் சூடு மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது கைமாற்றம்: கடுகளவு உலோகம்

பெட்டி நிரம்பியிருக்கிறது, இயர்பட் மட்டும் காலி என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் இயர்பட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தண்டின் அடியிலோ, காதை ஒட்டும் உட்புறத்திலோ, கடுகளவு பொன்னிறப் புள்ளிகள் தெரியும். பெட்டியின் குழிக்குள் அவற்றுக்கு நேர் எதிரே ஸ்பிரிங் வைத்த நுண்ணிய பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். விரல்நுனியால் தொட்டால் உள்ளே போய் வெளியே வரும். காந்தம் இயர்பட்டைக் கீழே இழுக்க, பின் மேலே தள்ள, இந்த இரண்டு விசைகளுக்கும் நடுவே மின்சாரம் பாய்கிறது. மொத்த ஏற்பாட்டிலும் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பது என் கணிப்பு; காதழுக்கும் வியர்வையும் தினமும் வந்துசேரும் இடத்தில் திறந்த உலோகத்தை வைத்தால் வேறென்ன நடக்கும்?

இங்கே தடை ஏற்படும் வழிகள்:

1. புதிய பொருளில், போக்குவரத்தின்போது பேட்டரி தீராமலிருக்கத் தொடுமுனைகளின்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். நிறமற்றதாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. வாங்கிய அன்றே ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது இதை.

2. இயர்பட் முழுதாக உட்காராமை. கூட வந்த ரப்பர் நுனியைக் கழற்றிவிட்டுச் சற்றுப் பெரிய நுனியையோ நுரை நுனியையோ மாட்டியிருந்தால், மூடி மூடிக்கொள்ளும். ஆனால் இயர்பட் அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும். அந்த அரை மில்லிமீட்டர் போதும்.

3. காதழுக்கும் தூசியும் சேர்ந்து கெட்டியான படலம். காதழுக்கு மின்சாரத்தைக் கடத்தாது.

4. அரிப்பு. இதுதான் நிரந்தரச் சேதம் விளைவிப்பது என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

தொடுமுனைகளின் பொன்னிறம் உண்மையான தங்க முலாம்தான், ஆனால் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தேறாத மெல்லிய பூச்சாகவே பெரும்பாலும் இருக்கும். அடியில் இருப்பவை நிக்கலும் செம்பும். வியர்வை என்பது உப்பு நீர். ஓடிவிட்டு வந்து, ஈரத்தோடு இயர்பட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடும்போது, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உப்பு நீர்ப் படலமும் அதன் குறுக்கே 5 வோல்ட் அழுத்தமும் சேர்ந்துவிடுகின்றன. தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டே கோட்பாட்டளவில் போதும் என்னும்போது, 5 வோல்ட் என்பது தாராளம். பள்ளி ஆய்வகத்தில் செய்த மின்னாற்பகுப்பு பெட்டிக்குள் நடக்கிறது: நேர்மின் முனையில் தங்கப் பூச்சின் நுண்துளைகள் வழியே செம்பு கரைந்து வெளியேறிப் பச்சை நிறப் படிவாகிறது. இரண்டு புள்ளிகளில் ஒன்று மட்டும் பச்சையாகவோ கறுத்தோ இருப்பதைக் கண்டால் இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். நன்றாக வடிவமைத்த பெட்டிகள், உள்ளே இயர்பட் இருக்கிறதா, சார்ஜ் தேவையா என்று பார்த்தபின்பே அழுத்தத்தைக் கொடுத்து, நிரம்பியதும் விலக்கிக்கொள்கின்றன. அப்படிச் செய்யாதவற்றில் இரவு முழுதும் இந்த வேதிவினை தொடரும்.

ஐ.பி.எக்ஸ்.4 என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதே என்று கேட்கலாம். எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே அதன் பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரைக்கொண்டு செய்யப்படுவது, உப்பு வியர்வையால் அல்ல. அதோடு அந்தத் தரம் பெரும்பாலும் இயர்பட்டுக்கு மட்டுமே, பெட்டிக்கு இல்லை. அட்டையில் இது சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது.

விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை

படலமோ அரிப்போ மின்சாரத்தை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை; தடையைக் கூட்டினாலே போதும். 45 மில்லி ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 10 ஓம் தடை சேர்ந்தால் இழப்பு 0.45 வோல்ட், மீதி 4.55 வோல்ட் இருப்பதால் பாதகமில்லை. 20 ஓம் என்றால் மீதி 4.1. லித்தியம்-அயனி பேட்டரி முழுதாக நிரம்ப 4.2 வோல்ட் வேண்டும் என்பதால், கடைசிப் பகுதி மின்னோட்டம் குறைந்து குறைந்து ஆமைவேகத்தில் ஏறும். 50 ஓம் என்றால் 2.25 வோல்ட் அங்கேயே தொலைந்து 2.75 மட்டுமே வந்துசேரும். சார்ஜ் சுற்று நின்றுவிடும். நின்றதும் மின்னோட்டம் இல்லை, ஆகவே இழப்பும் இல்லை, மறுபடி 5 வோல்ட் தெரிகிறது, சுற்று மீண்டும் தொடங்குகிறது, மீண்டும் நிற்கிறது. வெளியே நமக்குத் தெரிவது, விளக்கு எரிந்தும் அணைந்தும் கண்சிமிட்டுவது மட்டுமே. விரலால் இயர்பட்டை அழுத்திப் பிடித்தால் விளக்கு நிலையாக எரிகிறது என்றால், பேட்டரிமீது பழி போட வேண்டாம்.

தொடர்பு அறுந்தால் சார்ஜ் ஏறாமலிருப்பதோடு முடிவதில்லை. பல மாதிரிகளில், தான் பெட்டிக்குள் இருக்கிறோம் என்பதை இயர்பட் அறிவதே இந்த 5 வோல்ட்டைக்கொண்டுதான். அது தெரியாவிட்டால், வெளியே இருப்பதாக எண்ணி அணையாமல், கைப்பேசியோடு இணைந்தபடியே இருக்கும். 90 சதவீதத்தில் வைத்த இயர்பட் காலையில் பூஜ்யத்தில் இருப்பதற்கு விடை இது. இதற்கு ஒரு துப்பும் உண்டு. இயர்பட்கள் பெட்டிக்குள் மூடிக் கிடக்கும்போது அழைப்பு வருகிறது. எடுத்து ஹலோ ஹலோ என்கிறோம். கைப்பேசியில் எதிர்முனைக் குரல் வரவில்லை. அந்தக் குரல் மேசைமேல் உள்ள பெட்டிக்குள் பேசிக்கொண்டிருக்கிறது.

பெட்டியின் பேட்டரி முற்றாகத் தீர்ந்தாலும் இதே நிலை வரலாம். 5 வோல்ட் மறைந்ததும், யாரோ வெளியே எடுத்துவிட்டார்கள் என்று சில மாதிரிகளின் இயர்பட்கள் விழித்துக்கொண்டு கைப்பேசியைத் தேடத் தொடங்கும். நல்ல வடிவமைப்பில், தீரும்முன் பெட்டி ஓர் அணைப்புக் கட்டளையை அனுப்பிவிடும். இல்லாதவற்றில், வாரக்கணக்கில் தொடாமல் வைத்த ஜோடி மூன்று பேட்டரிகளும் வறண்டு கிடக்கும்.

பேட்டரியே தளர்ந்தால்

மேற்சொன்ன எதுவும் இல்லையென்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முதுமையின் அடையாளம் வேறு மாதிரி: சார்ஜ் ஏறும், சீக்கிரமே 100 காட்டும், ஆனால் ஐந்து மணி நேரம் பாடியது ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். ஏறவே ஏறாமலிருப்பதைவிட, ஏறியது தங்காமலிருப்பதே பேட்டரி தளர்ந்ததன் குறி. லித்தியம்-அயனி பேட்டரிகள் சில நூறு முழுச் சுற்றுகளுக்குப் பின் தம் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழப்பது இயல்பு. கைப்பேசிக்கு ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்றால், நாள் முழுதும் காதில் மாட்டிப் பெட்டியில் வைத்து எடுக்கும் இயர்பட்டுக்கு இரண்டு ஆகலாம். இரண்டு ஆண்டுகளில் முதுமை தட்டுவதில் வியப்பில்லை.

அளவு மீறிக் காலியாவது இன்னொரு கேடு. பேட்டரியின் மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடும். அப்போது சார்ஜரில் வைத்தால், முதலில் வழக்கமான மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் கொடுத்து மெல்ல மேலே தூக்கிய பின்பே முழு அளவில் ஏற்றும். இதற்கு நேரமெடுக்கும் என்பதால், பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால், உள்ளே எதிர்மின் முனைத் தகடான செம்பே கரையத் தொடங்கும். அதன்பின் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்பதால் பல சுற்றுகள் மறுத்துவிடும். மறுப்பது சரியே.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த வகைப் பேட்டரிகளைச் சார்ஜ் செய்ய ஏற்ற வெப்பநிலை பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்த பெட்டியை உடனே செருகினால் சார்ஜ் ஏறாமல் போகலாம். ஆறியபின் ஏறினால் அது பழுதல்ல.

திரை காட்டும் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவுக்குத்தான். ஐபோனுக்குத் தன் சார்ஜ் அளவைத் தெரிவிக்க ஆப்பிள் வகுத்த, பிற நிறுவனங்களும் பயன்படுத்தும் ஒரு பழைய கட்டளையில், அளவு 0 முதல் 9 வரையான பத்துப் படிகளில் மட்டுமே அனுப்பப்படும். ஆகவே 70லிருந்து திடீரென 60க்கு விழுவது பேட்டரியின் தாவலாக இருக்க வேண்டியதில்லை. இடைப்பட்ட எண்களைச் சொல்ல வழியில்லை என்பதே காரணம். ஏர்பாட்ஸ் புரோ போன்ற சிலவற்றில், பேட்டரியின் ஆயுளைக் காக்க 80 சதவீதத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, நாம் வழக்கமாக எடுக்கும் நேரத்துக்குச் சற்றுமுன் மீதியை ஏற்றும் ஏற்பாடும் உண்டு. இடது, வலது இரண்டில் ஒன்று மற்றதைவிடச் சற்று வேகமாகக் குறைவதும் இயல்பே: அழைப்பின்போது எந்தப் பக்க மைக் வேலை செய்கிறதோ அந்தப் பக்கம் கூடுதலாகச் செலவாகும்.

சோதிக்கும் வரிசை

செலவில்லாததிலிருந்து தொடங்குவது முறை.

1. பெட்டியை ஏ முனை கொண்ட வயரால், சாதாரண சுவர் சார்ஜரில் ஒரு மணி நேரம் செருகி வைக்க வேண்டும். பவர் பேங்க், மடிக்கணினி, கம்பியில்லாத் தட்டு எதுவும் இப்போது வேண்டாம்.

2. ரப்பர் நுனிகளைக் கழற்றிவிட்டு இயர்பட்களைப் பெட்டியில் வைத்து, விரலால் மெல்ல அழுத்தி விளக்கைக் கவனிக்க வேண்டும்.

3. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் இயர்பட்டின் புள்ளிகளையும் பெட்டியின் பின்களையும் துடைக்க வேண்டும். போகாத படிவுக்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டுப் பஞ்சில் தொட்டு, அதையும் புள்ளிகளில் மட்டும் தடவி, முழுதாக உலர்ந்தபின் வைக்கலாம். ஒலி வரும் வலையில் அது படக் கூடாது. ஊசி, சேஃப்டி பின், உப்புத்தாள் மூன்றும் விலக்க வேண்டியவை: உலோகக் கூர் இரண்டு பின்களையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும், உப்புத்தாள் அழுக்கோடு தங்க முலாமையும் எடுத்துவிடும், அடுத்த மாதம் அரிப்பு இருமடங்காகத் திரும்பும்.

4. கையேட்டில் சொன்னபடி மீட்டமைக்க வேண்டும். பெட்டிப் பொத்தானைப் பல விநாடி அழுத்திப் பிடிப்பது பொதுவான வழி. பேட்டரியைக் கழற்ற முடியாத கருவியில் மென்பொருள் உறைந்துபோனால், இதைத் தவிர அதை எழுப்பும் வழி, பேட்டரி தானாகத் தீரும்வரை காத்திருப்பதே.

5. அதே மாதிரி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், நம் இயர்பட்டை அவர் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஏறினால் குற்றம் நம் பெட்டியுடையது. அங்கும் ஏறாவிட்டால் இயர்பட்டுடையது. இடதையும் வலதையும் குழி மாற்றி வைக்க முடியாத இந்தக் கருவியில், ஐயமின்றித் தீர்ப்புச் சொல்லும் சோதனை இது ஒன்றே.

கழற்ற முடியாத பேட்டரியும் மாறும் சட்டங்களும்

சோதனையின் முடிவு இயர்பட்டின் பேட்டரிதான் என்று வந்தால், பழுதுபார்ப்பவர்கள் பெரும்பாலும் கைவிரிப்பதற்குக் காரணம் உண்டு. உறை பசையால் ஒட்டப்பட்டது. திறந்தால் பழையபடி நீர்புகாமல் மூடுவது கடினம். கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் இடும் ஐஃபிக்ஸிட், முதல் ஏர்பாட்ஸுக்கு 10க்கு 0 கொடுத்தது. இது சிறிய கருவியின் தவிர்க்க முடியாத விதி என்ற வாதம் 2024 ஏப்ரலில் பலவீனமானது: நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் வெளியிட்ட ஃபேர்பட்ஸில், இரண்டு காதுத் துண்டுகளின் பேட்டரியையும் பெட்டியின் பேட்டரியையும் பயனரே மாற்றிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல், வயரால் சார்ஜ் செய்யப்படும் இயர்பட்கள் புதிதாகச் சந்தைக்கு வரும்போது சி வகைத் துளையோடு வர வேண்டும். அந்தத் துளைக்குரிய தரத்தைப் பின்பற்றினால் மேலே சொன்ன இரு மின்தடைகளும் தாமாகவே உள்ளே வந்துவிடும். அங்கே 2023இல் இயற்றப்பட்ட பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. நீரில் பயன்படும் கருவிகள் போன்றவற்றுக்கு விதிவிலக்குகளும் இருக்கின்றன. உலகச் சந்தைக்கு ஒரே வடிவம் செய்யும் நிறுவனங்கள் ஐரோப்பாவுக்காக மாற்றியது இங்கும் வந்துசேரும்; இந்தியச் சந்தைக்கென்றே மலிவாகச் செய்யப்படுபவை அப்படி மாற வேண்டிய கட்டாயமில்லை.

உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பவர்கள், சேவை மையத்துக்குப் போகும்முன் கண்சிமிட்டும் விளக்கையும் அழுத்தினால் எரிவதையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பச்சைப் படிவு தெரிந்தால் நீர் புகுந்த சேதம் என்று மறுப்பது வழக்கம். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கினால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிட அது பயன்படும். புதிதாக வாங்குவோர் விற்பனையாளரிடம் இரண்டைக் கேட்கலாம்: ஒரு காதுத் துண்டோ பெட்டியோ மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பது ஒன்று, இருமுனையும் சி ஆன வயரால், சி வகைச் சார்ஜரில் செருகி விளக்கு எரிவதைக் காட்டுவாரா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.